மரியாவாக நடித்தவர், மரியாவை எழுதியவர்: சோனியா மன்சானோ பற்றிப் பேசலாம்

நூலகவாசி:

சோனியா மன்சானோ என்று பெயரைச் சொன்னால் அமெரிக்காவிலேயே நிறையப் பேர் ஒரு நிமிஷம் யோசிப்பார்கள். குழந்தைகள் தொலைக்காட்சித் தொடரான செசமி ஸ்ட்ரீட்டின் மரியா என்றால் ஐம்பது வயதுக்காரருக்கும் முகம் மலர்ந்துவிடும். 1971இலிருந்து 2015 வரை ஒரே தொடரில் ஒரே பாத்திரம், 44 வருஷம். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்த 44ஐச் சொல்லிவிட்டு, அதே தொடருக்கு அவர் எழுத்தாளராகவும் இருந்தார் என்பதைக் கடைசியில் ஒரு வரியாக ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அது எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிறது. என் கட்சி இதுதான்: நடிகையாக அவர் செய்ததைவிட எழுத்தாளராகச் செய்ததுதான் பெரிய வேலை. மறுக்கிறவர்கள் தாராளமாக மறுக்கலாம், அதற்குத்தான் இந்த இழை.

தெரியாதவர்களுக்காக அவர் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1950 ஜூன் 12இல் நியூயார்க்கில் பிறந்தார். பெற்றோர் கரீபியன் கடலில் அமெரிக்க ஆட்சியில் இருக்கிற போர்ட்டோ ரிக்கோ தீவுக்காரர்கள். வளர்ந்தது அந்த நகரத்தின் ஏழைப் பகுதியான சவுத் பிராங்ஸ். அப்பா கூரை போடும் தொழிலாளி, அம்மா தையல் வேலை பார்த்தவர். போர்ட்டோ ரிக்கோ மக்கள் 1917லேயே அமெரிக்கக் குடிமக்கள் ஆகிவிட்டதால் விசா எதுவும் இல்லாமல் விமானம் ஏறி நியூயார்க்கில் இறங்கலாம். இறங்கிய பிறகு கிடைக்கிற வீடும் வேலையும் பள்ளிக்கூடமும் மட்டும் வேறு தரம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அப்படி வந்தவர்கள் லட்சக்கணக்கில். ஆனால் தொலைக்காட்சியைப் போட்டால் அதில் புல்வெளி வைத்த வீடு, கோட் போட்ட அப்பா, பொன்னிறத் தலைமுடிப் பிள்ளைகள். என்னைக் கண்ணிலேயே பார்க்காத ஒரு சமூகத்துக்கு நான் என்ன செய்யப்போகிறேன் என்று சின்ன வயதிலேயே குழம்பியதாக மன்சானோ பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியர் கண்ணில் பட்டு, மன்ஹாட்டனில் நடிப்புக்கென்றே இருந்த ஹை ஸ்கூல் ஆஃப் பெர்ஃபார்மிங் ஆர்ட்ஸில் சேர்ந்தார். அங்கிருந்து உதவித்தொகையோடு பிட்ஸ்பர்க்கில் கார்னகி மெலன் பல்கலைக்கழகம். அங்கே மாணவர்கள் உருவாக்கிய காட்ஸ்பெல் என்ற இசை நாடகம் 1971இல் நியூயார்க் மேடைக்கு வந்தபோது அதில் முதல் குழுவிலேயே இவர் இருந்தார். படிப்பு முடியும் முன்பே மேடை. அதே வருஷம் செசமி ஸ்ட்ரீட்.

பத்து வருஷம் நடித்தபின், 1981இல் அந்தத் தொடருக்கே எழுத ஆரம்பித்தார். எழுத்தாளர் குழுவில் ஒருவராக 15 எம்மி விருதுகள், அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய விருது அது. 2016இல் பகல்நேர எம்மியில் வாழ்நாள் சாதனை விருது. சரி, இனி நீங்கள் பேசுங்கள்.

திரைப்பித்தன்:

நூலகவாசி, கதை சொன்னதற்கு நன்றி, ஆனால் உங்கள் கட்சியில் நான் இல்லை. முகம்தான் முதலில். எழுத்து அப்புறம்.

ஏன் சொல்கிறேன் என்றால், 1961இல் வந்த வெஸ்ட் சைட் ஸ்டோரி படத்தை நினைத்துப் பாருங்கள். நியூயார்க் போர்ட்டோ ரிக்கோக்காரர்களைப் பற்றிய படம். அதில் கதாநாயகி பெயர் மரியா. அந்த மரியாவாக நடித்தவர் நடாலி வுட், ரஷ்யப் பெற்றோருக்குப் பிறந்தவர். அண்ணன் பாத்திரத்தில் கிரேக்க வம்சாவளியைச் சேர்ந்த ஜார்ஜ் சகிரிஸ். முக்கியப் பாத்திரங்களில் அசல் போர்ட்டோ ரிக்கோக்காரர் ரீட்டா மொரேனோ ஒருவர்தான், அவருக்கும் முகம் முழுக்க அடர்த்தியான பழுப்பு மேக்கப்பைப் பூசினார்கள். எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரே நிறத்திலா இருக்கிறோம் என்று அவர் கேட்டும் பயன் இல்லை. அவர் அந்தப் படத்துக்கு ஆஸ்கர் வாங்கினார், அப்புறமும் வருஷக்கணக்கில் அதே மாதிரி வேஷங்களைத்தான் கொண்டு வந்து நீட்டினார்கள்.

இப்போது 1971க்கு வாருங்கள். மன்சானோ செசமி ஸ்ட்ரீட் படப்பிடிப்புக்கு முதல் முறை போகிறார். மேக்கப் போடுபவர் உட்கார வைத்து முழு ஒப்பனை செய்துவிடுகிறார், கண் மை, உதட்டுச் சாயம் எல்லாம். தயாரிப்பாளர் ஜான் ஸ்டோன் பார்த்துவிட்டு, இதையெல்லாம் எடுங்கள், நான் நிஜமான ஒரு பெண்ணைத்தான் வேலைக்கு எடுத்தேன், குழந்தைகள் தங்களைப் போல ஒருத்தியைப் பார்க்கட்டும் என்று சொல்லிவிடுகிறார். இந்தச் சம்பவத்தை மன்சானோவே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். ஒப்பனை அழித்த முகத்தோடு, தெருவில் பார்க்கிற மாதிரி ஒரு மரியா. பத்து வருஷத்துக்குள் அந்த ஒரே பெயர் நடாலி வுட்டிடமிருந்து பிராங்ஸ் பெண்ணுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இதை எந்த எழுத்தாளர் எழுதினார்? யாரும் எழுதவில்லை. அந்த முகம் அங்கே நின்றது, அவ்வளவுதான். அதுவே வேலை.

பாதிராத்திரி:

ரீட்டா மொரேனோ பெயர் வந்ததால் ஒரு தகவல். செசமி ஸ்ட்ரீட் எடுத்த அதே நிறுவனம் கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்காக தி எலெக்ட்ரிக் கம்பெனி என்று இன்னொரு நிகழ்ச்சி தொடங்கியது, அதில் மொரேனோதான் முக்கிய நடிகை. அதுவும் 1971. ஒரே வருஷம், ஒரே நிறுவனம், இரண்டு போர்ட்டோ ரிக்கோப் பெண்கள். தற்செயல் என்று சொல்ல மாட்டேன், காரணம் இருக்கிறது. செசமி ஸ்ட்ரீட் தொடங்கிய முதல் இரண்டு வருஷமும், கறுப்பினக் குழந்தைகளை நினைத்தீர்கள், ஸ்பானிஷ் பேசும் எங்கள் குழந்தைகள் எங்கே என்று லத்தீனோ அமைப்புகள், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரின் அமைப்புகள், சண்டை போட்டன. அந்த அழுத்தத்தால்தான் மூன்றாவது பருவத்தில் லூயிஸ் என்ற பாத்திரமும் மரியாவும் வந்தார்கள். போர்ட்டோ ரிக்கோ நடிகர் ராவுல் ஜூலியாகூட அந்தப் பருவத்தில் லூயிஸின் கூட்டாளியாக நடித்திருக்கிறார், நிறையப் பேருக்கு இது தெரியாது.

தெருவில் நின்று கேட்டதால் கிடைத்த வேஷம் அது. யாரும் மனமிரங்கிக் கொடுக்கவில்லை.

ஒன்றாம்வகுப்பு டீச்சர்:

நல்ல இழை. நான் சின்னக் குழந்தைகளோடு இருக்கிற ஆள், அந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

செசமி ஸ்ட்ரீட்டில் மிஸ்டர் ஹூப்பர் என்று ஒரு கடைக்காரர். வில் லீ என்ற நடிகர். அவர் 1982 டிசம்பரில் இறந்துபோனார். வேறு ஆளைப் போட்டிருக்கலாம், ஊருக்குப் போய்விட்டார் என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் இறந்துவிட்டார் என்றே சொல்வது என்று முடிவு செய்தார்கள். உடம்பு சரியில்லாமல் போனார் என்றோ தூங்கிவிட்டார் என்றோ சொன்னால், குழந்தை அடுத்த முறை காய்ச்சல் வரும்போதோ தூங்கப் போகும்போதோ பயந்துவிடும் என்று உளவியல் ஆலோசகர்களிடம் கேட்டுத்தான் எழுதினார்கள். 1983 நவம்பர் 24, நன்றி நவிலும் நாள் விடுமுறையன்று ஒளிபரப்பினார்கள், பெற்றோர் வீட்டில் கூடவே இருப்பார்கள் என்பதற்காக.

அந்தக் காட்சியைப் பாருங்கள். பிக் பேர்ட், அந்தப் பெரிய மஞ்சள் பறவை, தான் வரைந்த படங்களைப் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டே வருகிறது. கடைசியில் மிஸ்டர் ஹூப்பர் படம் கையில் இருக்கிறது, அவர் வந்ததும் கொடுக்கிறேன் என்கிறது. எல்லோரும் வாயடைத்து நிற்கிறார்கள். அப்போது பேசுவது மரியாதான். நாங்கள் சொன்னோமே, நினைவில்லையா, மிஸ்டர் ஹூப்பர் இறந்துவிட்டார் என்று. மன்சானோவின் குரல் அந்த இடத்தில் இடறுகிறது, ஆனால் கண்ணைப் பறவையிடமிருந்து எடுக்கவில்லை. அதற்குள் ஒரு மனிதர் நின்று கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆட்டுகிறார் என்பது அவருக்குத் தெரியும். இருந்தும் ஒரு குழந்தையைப் பார்க்கிற பார்வை. எத்தனையோ பெரிய நடிகர்கள் பொம்மையோடு நடிக்கும்போது பொம்மையைப் பார்த்துப் பேசுவார்கள், அது தெரிந்துவிடும்.

அந்தப் பகுதியை எழுதியவர் நார்மன் ஸ்டைல்ஸ். மன்சானோ இல்லை. அதனால் நான் திரைப்பித்தன் பக்கம்.

நூலகவாசி:

டீச்சர், அந்தக் காட்சி பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க மாட்டேன். ஆனால் நீங்கள் இருவரும் சொல்வது 1983 வரைக்குமான கதை, அதற்குப் பிறகு முப்பது வருஷம் இருக்கிறது.

முகம் இருந்தால் போதும் என்று திரைப்பித்தன் சொல்கிறார். போதவில்லை என்பதால்தான் மன்சானோ எழுத வந்தார். 70களில் மரியாவுக்கு எழுதியவர்கள் திறமைசாலிகள்தான், ஆனால் லத்தீனோ வாழ்க்கை உள்ளிருந்து தெரிந்தவர்கள் அந்த அறையில் கிட்டத்தட்ட யாருமே இல்லை. லத்தீனோ விஷயம் வேண்டுமா, ஒரு பாட்டு, இரண்டு ஸ்பானிஷ் வார்த்தை, ஒரு திருவிழா. இது சரியாக வரவில்லையே என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார், நீயே எழுதிப் பாரேன் என்று தயாரிப்புத் தரப்பிலிருந்து ஊக்கம் வந்தது, எழுதினார். கேமராவுக்கு முன்னால் நிற்கிறவருக்கு வசனத்தை மாற்றும் உரிமை வந்துவிட்டது. இதைத்தான் பெரிய வேலை என்கிறேன்.

இன்னொன்று, செசமி ஸ்ட்ரீட்டுக்கு எழுதுவது சாதாரணச் சீரியலுக்கு எழுதுவது போல இல்லை. அந்தக் காலத்தில் வருஷத்துக்கு 130 பகுதிகள். ஒவ்வொரு பருவத்துக்கும் கல்வி ஆய்வாளர்கள் பாடத்திட்டம் என்று தடிமனாக ஒன்றைக் கையில் கொடுப்பார்கள், இந்த வருஷம் இன்ன இன்ன குறிக்கோள்கள் என்று. அதைக் கதையாக, நகைச்சுவையாக மாற்ற வேண்டும், பாடம் நடத்துவது போலத் தெரியவே கூடாது. எழுதி முடித்தாலும் விடமாட்டார்கள். எட்வர்ட் பாமர் என்ற ஆய்வாளர் ஆரம்பத்திலேயே ஒரு சோதனை வைத்திருந்தார்: குழந்தையை உட்கார வைத்து டிவியில் பகுதியை ஓட்டுவார்கள், பக்கத்தில் இன்னொரு திரையில் சில நொடிகளுக்கு ஒருமுறை புதுப்புதுப் படம் மாறிக்கொண்டே இருக்கும். குழந்தை எந்த இடத்தில் டிவியிலிருந்து கண்ணை எடுத்து அந்தப் பக்கம் திரும்புகிறது என்று குறிப்பெடுப்பார்கள். அந்த இடம் எழுத்தாளர் தோற்ற இடம். நான்கு வயதுக் குழந்தையைவிடக் கறாரான விமர்சகர் கிடையாது, அப்படிப்பட்ட இடத்தில் போட்ட எழுத்து இது.

ஸ்கார்பரோ மழை:

கனடாவிலிருந்து எழுதுகிறேன். இலங்கையிலிருந்து 80களின் கடைசியில் வந்த குடும்பம் எங்களுடையது. ஆங்கிலம் தெரியாத வீடு. அம்மாவும் நானும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்துத்தான் இரண்டு பேரும் ஆங்கிலம் பழகினோம்.

இங்கே கனடாவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான சி.பி.சி. ஒளிபரப்பியது கனடாவுக்கென்று மாற்றிய செசமி ஸ்ட்ரீட். ஸ்பானிஷ் வருகிற துண்டுகளை எடுத்துவிட்டு பிரெஞ்சுத் துண்டுகளைச் செருகியிருப்பார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் பஃபலோ நகரத்துப் பொதுத் தொலைக்காட்சியும் டொராண்டோவில் தெரியும், அதில் அசல் வரும். அந்த வித்தியாசம் எனக்குச் சின்ன வயதிலேயே புரிந்தது. ஒன்றில் மரியாவின் ஸ்பானிஷ் குறைவு, இன்னொன்றில் அவர் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே இருந்து பட்டென்று ஸ்பானிஷுக்குத் தாவிவிடுவார், யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல், விளக்கம் சொல்லாமல். எங்கள் வீட்டிலும் அப்படித்தானே பேசுவோம். பள்ளிக்கூடத்தில் தமிழ் வாயில் வந்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்த பிள்ளை நான். வீட்டு மொழியை வெளியில் பேசுகிற ஒரு பெரிய மனுஷியை டிவியில் பார்த்தது எனக்கு என்ன செய்தது என்று சொல்லத் தெரியவில்லை. அந்த அக்காவை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அப்புறம் அவர் ரிப்பேர் கடையில் வேலை பார்ப்பார். கையில் ஸ்க்ரூடிரைவர், டோஸ்டர் பிரித்துப் போட்டுக் கிடக்கும். பெண் ஆள் கருவி பிடித்து வேலை செய்வதை நான் முதன்முதல் பார்த்தது அங்கேதான்.

திரைப்பித்தன்:

ஸ்கார்பரோ மழை, அருமை. அந்தக் கடையின் சக முதலாளி லூயிஸ், அவரைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். எமிலியோ டெல்காடோ. கலிஃபோர்னியாவில் மெக்சிகோ எல்லையோரம் கலெக்சிகோவில் பிறந்த மெக்சிகோ வம்சாவளிக்காரர். 2022 மார்ச்சில் காலமானார். மரியாவும் லூயிஸும் 1988இல் தொடரிலேயே கல்யாணம் செய்துகொண்டார்கள். நிஜத்திலும் இவர்கள் கணவன் மனைவி என்று தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் நம்பினார்களாம். மன்சானோவுக்கு நிஜ வாழ்க்கையில் வேறு கணவர், ஆனால் அவர் கர்ப்பமானதைக் கதைக்குள்ளேயே கொண்டு வந்தார்கள், 1989இல் மரியாவுக்கு கேபி பிறந்தாள். குடும்பம் என்றால் என்ன, தங்கை தம்பி எங்கிருந்து வருகிறார்கள் என்று அந்த வயதுப் பிள்ளை கேட்கிற கேள்விக்கு ஒரு வருஷம் முழுக்கப் பதில் சொன்னார்கள்.

அப்புறம் சார்லி சாப்ளின் துண்டுகள். மன்சானோ மீசை வைத்து, தொப்பி போட்டு, கைத்தடியோடு சாப்ளினாக வருவார். கூட நடிப்பவர் லிண்டா போவ், காது கேளாத நடிகை, தொடரில் சைகை மொழி பேசுபவர். வசனமே இல்லாத காட்சி என்பதால் கேட்கிறவருக்கும் கேளாதவருக்கும் அங்கே வித்தியாசமே இல்லை, இருவரும் உடம்பால் பேசுகிறார்கள். மன்சானோவின் நகைச்சுவை எவ்வளவு துல்லியம் என்று அதில்தான் தெரியும். அவருடைய கண் புருவம் மட்டும் தனியாக நடிக்கும். இதையும் எழுத்துக் கணக்கில் சேர்ப்பீர்களா?

பாதிராத்திரி:

எனக்கு ஒரு கேள்வி. 44 வருஷம் ஒரே வேஷம் என்பது சாதனை என்றே எல்லோரும் பேசுகிறீர்கள். மேடையில் பாடி நடித்து வந்தவர், சாப்ளின் செய்யக்கூடியவர். வேறு இடங்களில் அவருக்கு என்ன கிடைத்தது? 1974இல் டெத் விஷ் படத்தில் ஒரு கடையில் நிற்கிற பெண்ணாகச் சின்ன வேஷம். அவ்வளவு திறமைக்கு அமெரிக்கத் திரை வேறு எதையும் உருப்படியாகக் கொடுக்கவில்லை. செசமி ஸ்ட்ரீட்டில் தங்கினார் என்று மகிழ்வது ஒரு பக்கம், வெளியே கதவு எதுவும் திறக்கவில்லை என்பது இன்னொரு பக்கம். அந்தக் கோபம் எனக்கு இருக்கிறது.

நூலகவாசி:

கோபம் நியாயம். ஆனால் வெளியே திறக்காத கதவுக்காக அவர் காத்துக்கொண்டு நிற்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். புத்தகங்கள் பக்கம் போனார். 2004இல் சின்னக் குழந்தைகளுக்கான முதல் படப் புத்தகம். 2012இல் தி ரெவல்யூஷன் ஆஃப் ஈவ்லின் செரானோ என்ற நாவல், பதின்வயதினருக்கு. அதற்கு லத்தீனோ சிறுவர் இலக்கியத்துக்கான பூரா பெல்ப்ரே விருதில் சிறப்பு மதிப்பு கிடைத்தது. 2015இல் பிகமிங் மரியா, தன் இளமைக்கால நினைவுகள்.

ஈவ்லின் செரானோ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1969இல் கிழக்கு ஹார்லெம், பதினாலு வயதுப் போர்ட்டோ ரிக்கோப் பெண். அந்தக் கோடையில் யங் லார்ட்ஸ் என்ற இளைஞர் அமைப்பு அந்தப் பகுதிக்கு வருகிறது. இது உண்மை வரலாறு. மாநகராட்சி அந்தத் தெருக்களில் குப்பையை ஒழுங்காக அள்ளவில்லை. இளைஞர்கள் துடைப்பம் எடுத்துத் தாங்களே பெருக்கினார்கள், அப்புறமும் லாரி வரவில்லை, குப்பையை நடுச் சாலையில் மலையாகக் குவித்துப் போக்குவரத்தை நிறுத்தித் தீயும் வைத்தார்கள். குளிர்காலத்தில், 111ஆவது தெருவிலிருந்த மெதடிஸ்ட் தேவாலயத்திடம், வாரம் முழுக்கச் சும்மா கிடக்கிற உங்கள் கட்டடத்தில் பிள்ளைகளுக்கு இலவசக் காலை உணவு போட இடம் தாருங்கள் என்று கேட்டார்கள். கிடைக்கவில்லை. டிசம்பர் 28ஆம் தேதி உள்ளே போய்க் கதவை அடைத்துக்கொண்டு 11 நாள் இருந்தார்கள், உணவு போட்டார்கள், மருத்துவ முகாம் நடத்தினார்கள். கடைசியில் 105 பேர் கைது.

நாவலில் அந்தப் பெண்ணின் பாட்டி போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்து இறங்குகிறார், அவர் மூலமாக 1937இல் போன்ஸே நகரத்தில் குருத்தோலை ஞாயிறன்று போலீஸ் ஊர்வலத்தின் மேல் சுட்டு 19 பேர் இறந்த கதை வருகிறது. பாட்டி, அம்மா, பெண் மூவருக்கும் நடுவில் அந்த வரலாறு கிடந்து புழுங்குகிறது. பிள்ளைகளுக்கு எழுதியது என்பதற்காக அவர் எதையும் பூசி மெழுகவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். செசமி ஸ்ட்ரீட் முதலில் ஒளிபரப்பானது 1969 நவம்பர் 10. ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் சேரும்போதே பின்தங்கி நிற்கிறார்கள், அதைத் தொலைக்காட்சியால் சரிசெய்ய முடியுமா என்று லாய்ட் மாரிசெட் என்ற உளவியலாளர் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் ஜோன் கான்ஸ் கூனியிடம் கேட்டதிலிருந்து பிறந்தது அது, தெருவின் அரங்கத்தையே ஹார்லெம் மாதிரித் தெருக்களைப் பார்த்துத்தான் கட்டினார்கள். அதே நகரம், அதே குளிர்காலம். ஒரு பக்கம் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்கும் நிகழ்ச்சி, இன்னொரு பக்கம் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட ஒரு தேவாலயத்தைக் கைப்பற்றிய இளைஞர்கள். இந்த இரண்டையும் தன் வாழ்க்கையில் எழுதிய ஒரே ஆள் என்று எனக்குத் தெரிந்து மன்சானோதான். முகம் மட்டும் போதுமென்றால் இந்த நாவல் வந்திருக்காது.

ஒன்றாம்வகுப்பு டீச்சர்:

பிகமிங் மரியாவை நான் படித்தேன். வளர்ந்த பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும்தான் அது. அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடிப்பது, பாத்திரம் பறப்பது, அடுத்த நாள் காலையில் எதுவும் நடக்காதது போல வீடு பெருக்குவது, அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவது, திரும்பி வருவது. அதைக் குழந்தையின் கண்ணிலிருந்தே எழுதியிருக்கிறார், பெரியவரான பிறகு கிடைத்த விளக்கம் எதையும் உள்ளே கொண்டு வரவில்லை. அதனால் படிக்கும்போது மூச்சு முட்டுகிறது. அப்பாவை அரக்கனாகவும் காட்டவில்லை, அவர் பாடுவதும் சிரிப்பதும் இருக்கிறது.

படித்தபின் எனக்கு ஒன்று விளங்கியது. அவரே சொல்லியிருக்கிறார், வீட்டில் அமைதி இல்லாத குழந்தைக்குத் தொலைக்காட்சிதான் ஒதுங்கும் இடமாக இருந்தது என்று. எங்கேயோ ஒரு வீட்டில் சண்டைக்கு நடுவில் ஒரு குழந்தை தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்ற நினைப்போடுதான் மரியாவாக நின்றிருக்கிறார். ஹூப்பர் காட்சியில் நான் சொன்ன அந்தப் பார்வை அங்கிருந்து வந்தது என்று நினைக்கிறேன். என் வகுப்பிலும் அந்த மாதிரிப் பிள்ளைகள் உண்டு, காலையில் வந்து உட்காரும்போதே முகத்தில் தெரிந்துவிடும்.

திரைப்பித்தன்:

டீச்சர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கார்னகி மெலனில் படிக்கும்போது மாணவர் மன்றத்தில் யாரோ டிவி போட்டு வைத்திருக்கிறார்கள். நடிகர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ், மழித்த தலை, கேமராவை முறைத்துப் பார்த்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு ஆங்கில அரிச்சுவடியைச் சொல்கிறார். என்ன நிகழ்ச்சி இது என்று நின்று பார்த்தால் அடுத்து ஒரு தெரு வருகிறது, கறுப்பினத் தம்பதி சூசனும் கார்டனும் தங்கள் வீட்டுப் படிக்கட்டில் நிற்கிறார்கள். பிராங்ஸில் தான் வளர்ந்த தெரு மாதிரியே. மன்சானோ அசந்துபோனாராம். எழுத்தா நடிப்பா என்பதற்கு முன்னால், திரையில் தன் தெருவைப் பார்த்த அந்த அதிர்ச்சி இருக்கிறதே, அதிலிருந்துதான் இரண்டும் வந்திருக்கிறது. நூலகவாசி, இதில் நீங்களும் நானும் ஒத்துப்போகலாம்.

அந்தத் தெரு எவ்வளவு பேருக்கு உறுத்தியது தெரியுமா? 1970இல் மிசிசிப்பி மாநிலத்தின் கல்வித் தொலைக்காட்சி ஆணையம் செசமி ஸ்ட்ரீட்டை ஒளிபரப்பக் கூடாது என்று வாக்களித்தது. கறுப்பரும் வெள்ளையரும் கலந்து வாழ்கிற தெரு என்பதுதான் காரணம். நாடு முழுக்கச் சத்தம் கிளம்பியதும் 22 நாளில் முடிவை மாற்றினார்கள்.

நூலகவாசி:

ஒத்துப்போகிறேன், பாதி தூரம்.

மீதிப் பாதிக்கு ஆல்மாஸ் வே. 2015இல் செசமி ஸ்ட்ரீட்டிலிருந்து ஓய்வு பெற்றார். அந்த வருஷமே தொடரின் புதுப் பகுதிகள் முதலில் ஹெச்.பி.ஓ. என்ற கட்டண அலைவரிசையில் வருவதாக ஒப்பந்தம் ஆனது, அடுத்த வருஷம் லூயிஸ் உட்படப் பழைய ஆட்கள் மூன்று பேரை நிறுத்திவிட்டார்கள், அது வேறு வருத்தம். அறுபத்தைந்து வயதில் ஓய்வு பெற்றவர் சும்மா இருந்திருக்கலாம். 2021 அக்டோபரில் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியின் குழந்தைகள் பிரிவான பி.பி.எஸ். கிட்ஸில் அவர் உருவாக்கிய ஆல்மாஸ் வே என்ற கார்ட்டூன் தொடர் வந்தது. ஆல்மா ரிவேரா, ஆறு வயது, பிராங்ஸில் வாழும் போர்ட்டோ ரிக்கோச் சிறுமி. அப்பா கால்நடை மருத்துவர், அம்மா இசை ஆசிரியை. ஆல்மாவின் உறவுக்காரன் ஒருவன், எடி மாம்போ, பெருமூளை வாதம் உள்ள பையன், காலில் தாங்கி போட்டுக்கொண்டே டான்ஸ் ஆடுவான், அவனைப் பார்த்து யாரும் உச்சுக் கொட்டுவதில்லை.

ஒவ்வொரு கதையிலும் ஒரு கட்டத்தில் ஆல்மா நின்று யோசிப்பாள். நடந்ததை மனதுக்குள் திருப்பிப் பார்த்து, யாருக்கு என்ன பட்டிருக்கும் என்று கண்டுபிடிப்பாள். பெரியவர் வந்து விடை சொல்லிவிட்டுப் போவதில்லை. பரீட்சைக்காக மனப்பாடம் செய்கிற பிள்ளைகளுக்கு, உனக்கென்று ஒரு மூளை இருக்கிறது, அதை வைத்து நீயே யோசிக்கலாம் என்று சொல்லத்தான் இந்தத் தொடர் என்று மன்சானோ சொல்லியிருக்கிறார். 1971இல் அவருக்கு ஒரு தெருவில் இடம் கொடுத்தார்கள். 2021இல் தெருவே அவருடையது, அதில் யார் வாழ்வது என்று அவர்தான் முடிவு செய்கிறார். என் கட்சிக்கு இதைவிட ஆதாரம் என்னிடம் இல்லை.

ஸ்கார்பரோ மழை:

என் மகளுக்குப் பதினொரு வயது. எதிலிருந்து தொடங்கலாம்? நல்லாப் படிப்பாள், ஆனால் சோகமானதைப் படித்தால் இரண்டு நாள் பேச மாட்டாள்.

ஒன்றாம்வகுப்பு டீச்சர்:

ஈவ்லின் செரானோவைக் கொடுங்கள், நீங்களும் கூடவே படியுங்கள். போன்ஸே வருகிற இடத்தில் கேள்வி கேட்பாள், அப்போது நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். பிகமிங் மரியாவுக்கு இன்னும் மூன்று நான்கு வருஷம் போகட்டும், அவசரமே இல்லை. வீட்டில் இதைவிடச் சின்னப் பிள்ளை இருந்தால் ஆல்மாவைப் போட்டுவிடுங்கள்.

பாதிராத்திரி:

சாப்ளின் துண்டுகளையும் காட்டுங்கள். மொழியே வேண்டாம் அதற்கு, பாட்டியும் சேர்ந்து பார்க்கலாம்.